ஒரிஜினல்காரர்

பழைய காரைக் கண்டால் நாம் கேட்பது, "என்ன மொடல்? ஓடுமா?" காரோடு கம்பனி கொடுத்த சாமான்களைத் தேடித் திரியும் ஒரிஜினல்காரர் அதைக் கேட்க மாட்டார். நேரே டிக்கியைத் திறக்கச் சொல்லுவார். ஜாக்கி எங்கே? ஹாண்டில் எங்கே? பிளக் கழற்றும் குழல் எங்கே? அவருடைய மொறிஸ் மைனர் கல்லடியில் மாமரத்தின் கீழ் செங்கல் மேல் நிற்கிறது. அதன் ஸ்பானர்கள் சுற்றிய சாமான் சுருளோ அலுமாரிக்குள், மனைவியின் கூறைச் சேலைக்குப் பக்கத்தில்.

கராஜில் யாராவது ஸ்பானரை நீட்டினால் சாரன் நுனியால் துருவைத் துடைப்பார். 'ஷெல்லி' என்ற தயாரிப்பாளர் பெயர் தெரிந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். 1/4 டபிள்யூ, அதாவது பழைய ஆங்கில விட்வேர்த் அளவு, என்றிருப்பதைப் பார்த்து அதன் வாயில் அடிமட்டம் வைக்கும் பொடியனுக்கு அன்றைக்கு விடிவில்லை. "மனே, அது வாயிட அகலமில்ல, போல்ட்டுட தண்டுப் பருமன்! வாய் அரை இஞ்சிக்கும் மேல வரும். அதே வாய்தான் 5/16 பி.எஸ்.எஃப். போல்ட்டுக்கும்!"

1945 முதல் 1949 வரை வந்த எம்.ஜி. டி.சி. ஸ்போர்ட்ஸ் காரை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதன் எஞ்சினில் புரி மெற்றிக், நட்டின் தலை மட்டும் விட்வேர்த் அளவு என்பது தெரியும். மொறிஸ் முதலாளி 1923ல் மெற்றிக்கில் வேலை செய்த பிரெஞ்சுக் கம்பனியின் கொவென்ட்ரி ஆலையை வாங்கி, அங்கேயே எஞ்சின் செய்த வினை அது. அந்தக் காரின் சில்லின் நடு நட்டைத் தட்டிக் கழற்றும் செம்புச் சுத்தியலைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

1978 நவம்பர் சூறாவளியிலும் பிறகு வந்த சண்டையிலும் ஊரின் பழைய கார்கள் போயின. அவற்றின் சாமான்கள் வேறு உத்தியோகம் பார்க்கின்றன: ஸ்பானர் நண்டு உடைக்கிறது, ஜாக்கிக் கம்பி அடுப்புக் கிண்டுகிறது. ஆகவே அவருடைய வேட்டை நாவலடிக் கரையில். தோணியில் நங்கூரமாகக் கட்டிய ஹாண்டிலைக் கண்டாலும் காணாதவர் போல் இறால் விலை கேட்பார். ஒரு கிலோ வாங்கவும் செய்வார். பிறகுதான், "இந்தத் துருப்பிடிச்ச கம்பி எதுக்கு?" என்று கொட்டாவி விடுவார்.

"ஹாண்டிலத்தானே கேக்கிறீங்க?" என்றார் ஒரு நாள் தோணிக்காரர் ஒருவர். "போன கிழமையும் ஒராள் இப்பிடித்தான் இறால் வில கேட்டவர். இது அவருக்குக் குடுக்கிறண்டு சொன்னது. உங்களுக்கும் ஒண்டு கொல்லன்ட்ட அடிச்சு ஆத்துக்குள்ள போட்டிரிக்கன். இன்னும் பழசாகல்ல. வாற மாசம் வாங்க."