வயர் எங்கே போயிற்று? நடுக்கூடத்து விளையாட்டு மூலை குறித்த முதற்கட்ட ஆய்வு

வீட்டுக் கூடத்தில் வீடியோ கேம் ஆடுவதற்கென ஒதுக்கப்படும் மூலையை, குறைந்த பொருள்களோடு, வயர் எதுவும் கண்ணில் படாமல் அமைப்பது எப்படி என்று காட்டும் காணொளிகள் ஏராளம் உள. ஆய்வுதான் இல்லை. வெள்ளை மேசை, அதன்மேல் ஒரு திரை, ஒரு கன்ட்ரோலர், ஓரமாக ஒரு சிறு செடி: எல்லாக் காணொளிகளிலும் இதே காட்சி. அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர் யார், அந்தத் திரைக்கு மின்சாரம் வரும் வழி யாது என்னும் இரு வினாக்களுக்கும் அவற்றில் விடை இல்லை. இக்கட்டுரை இரண்டாவது வினாவை எடுத்துக்கொள்கிறது. செடி பிளாஸ்டிக் என்று பின்னர் தெரியவந்தமையால் முதல் வினா கைவிடப்பட்டது.

ஆய்வெல்லையை முதலில் வரையறுத்துவிடலாம். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நடுத்தரக் கூடம். ஒரு சுவரில் டிவி, எதிர்ச்சுவரில் சோபா, இடையில் போக வர மனிதர்கள். இங்கே விளையாட்டு மூலை எனப்படுவது டிவி யூனிட்டின் இடப்பக்கத்து மூன்றடி. கேம் ஆடுவதற்கென்றே தனி அறை வைத்திருப்போர் இவ்வாய்வுக்கு அப்பாற்பட்டவர்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

குறைந்த பொருளோடு விளையாடுவது இக்காலத்தார் கண்டுபிடிப்பு என்பார் உளர். அன்று. ஆடுபுலி ஆட்டத்துக்கு வேண்டியவை மூன்று புலி, பதினைந்து ஆடு, ஒரு சாக்பீஸ். ஆடாகப் புளியங்கொட்டையும் புலியாகக் கூழாங்கல்லும் நின்றன. ஆட்டம் முடிந்ததும் புளியங்கொட்டை டப்பாவுக்குத் திரும்பியது. கோட்டைக் காலால் தேய்த்தால் கூடம் மறுபடியும் கூடமானது. நிரந்தர ஏற்பாடு வேண்டியவர்கள் கோயில் மண்டபத் தரையிலேயே கட்டத்தைச் செதுக்கிவைத்தார்கள். பல கோயில்களில் இன்றும் அதைக் காணலாம். ஜப்பானில் காமோ நோ சோமெய் என்னும் துறவி, ஏறத்தாழ பத்தடிக்குப் பத்தடிக் குடிசையில் தனியே வாழ்ந்த கதையை 1212இல் எழுதிவைத்தார். உலகைத் துறந்த அவரும் பொழுதுபோக்கைத் துறக்கவில்லை. மடக்கி வைக்கத்தக்க நரம்பிசைக் கருவிகள் இரண்டு அக்குடிசையில் இருந்தன. குறைபொருள் வாழ்வின் முன்னோடி என இவரைச் சுட்டுவோர், அவ்விரு கருவிகளுக்கும் சார்ஜ் போட வேண்டியதில்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இனி நிகழ்காலம். 2020இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5, நிமிர்த்தி வைத்தால் 39 சென்டிமீட்டர் உயரம், நாலரைக் கிலோ எடை. கனமான ஆட்டங்களை ஓட்டும்போது 200 வாட் அளவுக்கு மின்சாரம் இழுத்து, அந்த வெப்பத்தைப் பின்பக்கமாக ஊதித் தள்ளும். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி வை என்கிறது அதன் கையேடு. குறைபொருள்வாதியோ அதைக் கதவுள்ள அலமாரிக்குள் பூட்டிவைக்க விரும்புகிறார். இந்த இரண்டுக்கும் இணக்கம் காண முயன்றவர்கள் பலர். இணக்கம் காணும்வரை அலமாரிக் கதவு திறந்தே கிடக்கும். அதில் துண்டு காயப்போடப்படும்.

கருவியை மறைக்க முடியாது என்றானபின் எஞ்சுவது வயரை மறைப்பது. வயரின் இயல்பு குறித்து முறையான ஆய்வே உண்டு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ரேமர், ஸ்மித் என்னும் இருவர் ஒரு கயிற்றைப் பெட்டியில் போட்டு உருட்டி உருட்டிப் பார்த்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முறை உருட்டினார்கள். சில நொடிகளிலேயே கயிறு தானாக முடிச்சிட்டுக்கொள்கிறது என்று 2007இல் கட்டுரை வெளியிட்டு, மறு ஆண்டு இக் நோபல் பரிசும் பெற்றார்கள். நமக்கு வேண்டிய செய்தி அக்கட்டுரையில் ஓர் ஓரத்தில் இருக்கிறது: 46 சென்டிமீட்டருக்குக் குறைவான கயிற்றில் முடிச்சே விழவில்லை. அற்றேல், 46 சென்டிமீட்டருக்குக் குறைந்த சார்ஜர் வயரை வாங்கினால் சிக்கல் தீருமே எனின், தீரும். ஆனால் அந்த வயர் பிளக் பாயின்டிலிருந்து தரையைக்கூடத் தொடாது. ஆடுபவர் சுவரோடு சுவராக நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவேதான் வயர் இல்லாச் சார்ஜ். இதன் வேர் 1831. ஓர் இரும்பு வளையத்தில் ஒன்றையொன்று தொடாத இரண்டு கம்பிச்சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் பார்த்தார் மைக்கேல் ஃபாரடே. அந்தந்தக் கணத்தில் மற்றதில் மின்சாரம் துடித்தது. அதே தத்துவத்தைப் பெரிதாக்கி, உலகுக்கே வயரில்லாமல் மின்சாரம் அனுப்பும் கனவோடு நிக்கோலா டெஸ்லா 1901இல் நியூயார்க் அருகே லாங் தீவில் ஒரு கோபுரம் கட்டத் தொடங்கினார் என்று பல நூல்கள் கூறும். பெரிதாக்கியது உண்மை, அதே தத்துவம் என்பது பொருந்தாது, அவர் பூமியையே கடத்தியாக்க நினைத்தார். முதலீட்டாளர் பின்வாங்கினார். தங்கியிருந்த ஓட்டலுக்குத் தரவேண்டிய கடனுக்காக அந்த நிலம் கைமாறியது. 1917இல் கோபுரம் இடிக்கப்பட்டது. வயரில்லா மின்சாரத்தின் வரலாற்றில் ஓட்டல் பில்லுக்கு உள்ள பங்கு இன்னும் உரிய கவனம் பெறவில்லை.

இன்று போனை வைக்கும் வட்டத்தட்டு, 2010இல் வந்த ‘சீ’ என்னும் தரவரையறையைப் பின்பற்றுவது. அதில் மின்சாரம் போகும் வழியைப் பொறுமையாகப் பின்தொடர்ந்தால் ஒன்று விளங்கும். சுவரில் இருப்பது 230 வோல்ட், நொடிக்கு 50 சுழற்சி கொண்ட மாறுதிசை மின்சாரம். அடாப்டர் அதை 5 அல்லது 9 வோல்ட்டுக்கு இறக்கி ஒருதிசையாக்குகிறது. வட்டத்தட்டு அதைப் பிடித்து மறுபடியும் மாறுதிசையாக்குகிறது; இம்முறை நொடிக்கு ஒரு லட்சம் சுழற்சிக்கும் மேல். அது எழுப்பும் காந்தப்புலம் போனுக்குள் இருக்கும் சுருளில் மின்சாரமாகிறது. போன் அதை மறுபடியும் ஒருதிசையாக்கி பேட்டரிக்கு ஊட்டுகிறது. இத்தனை வேஷமும் சில மில்லிமீட்டர் இடைவெளியைக் கடப்பதற்கு. அந்த மில்லிமீட்டர்களுக்கு இப்பால் சுவர்வரை இருப்பது முழுக்க வயர். வழியில் ஒரு பங்கு மின்சாரம் வெப்பமாகக் கழிகிறது என்பதையும் குறித்துக்கொள்க. லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. மே மாதத்துச் சென்னைக்கு மேலும் வெப்பம் தேவையில்லை.

தட்டுக்கும் போனுக்கும் ஓயாத பேச்சுவார்த்தை நடக்கிறது என்பது பலர் அறியாதது. இன்னும் கொடு, குறை, போதும் என்று போன் அதே காந்தப்புலத்தின் வழியாகவே தகவல் அனுப்பும். தான் கொடுத்ததற்கும் போன் பெற்றதாகச் சொல்வதற்கும் கணக்கு இடித்தால், இடையில் ஏதோ உலோகம் தின்கிறது என்று முடிவுகட்டித் தட்டு நின்றுவிடும். இங்கேதான் நம் நாட்டுச் சூழல் குறுக்கிடுகிறது. நம்மவர் போனின் பின்னட்டைக்குள் பத்து ரூபாய் நோட்டு, பேருந்துப் பயணச்சீட்டு, மெட்ரோ அட்டை, பொன்னிறத் தகட்டில் அச்சிட்ட முருகன் முதலியன உறைகின்றன. காகிதத்தைத் தட்டு பொருட்படுத்தாது. தகட்டில் உள்ள முருகனை அயற்பொருள் எனக் கருதும். இது தட்டின் கொள்கை, ஆய்வாளருடையதன்று. இரும்பு மேசை விளிம்பில் வைத்தாலும் இதே கதைதான். தேக்கு, பிளைவுட், கண்ணாடி நல்லவை. மேசைக்கு அடியில் தட்டை ஒட்டி மேலே எதுவுமே தெரியாமல் செய்ய நினைப்பவர், தம் மேசைப்பலகையின் கனத்தை முதலில் ஸ்கேலால் அளப்பது நலம்.

போனைச் சரியான இடத்தில் வைப்பதும் ஒரு கலையாக இருந்தது. விரற்கடை நகர்ந்தாலும் இரவு முழுதும் தட்டின்மேல் சும்மா படுத்திருந்துவிட்டுக் காலையில் 12 சதவீதத்தோடு எழும். 2023இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் ‘சீ’யில் காந்த வளையம் வைத்து இக்கலையை ஒழித்தார்கள். எந்தக் கருவியை எங்கே போட்டாலும் சார்ஜ் ஏறும் பாயாக ஏர்பவர் என்பதை ஆப்பிள் 2017இல் அறிவித்து, 2019இல் கைவிட்டது. உலகின் பெரும்பணக்கார நிறுவனத்துக்கே கைகூடாததை டிவி யூனிட்டின் இடப்பக்கத்து மூன்றடியில் நிகழ்த்த முயல்வோரின் துணிவைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

கன்ட்ரோலருக்கு வருவோம். கடைக்காரர் வயர்லெஸ் சார்ஜிங் என்று சொல்லித் தருவது பெரும்பாலும் அது அன்று. பிளேஸ்டேஷன் 5இன் கன்ட்ரோலருக்குள் வாங்கும் சுருளே கிடையாது. தாங்கியில் வைத்தாலும், கன்ட்ரோலரின் அடிப்புறத்து உலோகப் புள்ளிகள் தாங்கியின் புள்ளிகளைத் தொட்டால்தான் 1,560 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி நிரம்பும். வயரின் நுனியை மட்டும் ஒரு மேடையில் நட்டுவைத்த ஏற்பாடு இது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரோ இன்னும் இரண்டு பென்சில் பேட்டரியோடு வருகிறது. சுவர்க்கடிகாரத்திலிருந்து கடன் வாங்கி ஆடலாம், வீட்டில் யாருக்கும் அவசரமாக மணி பார்க்க வேண்டியிராவிட்டால். தூய தூண்டல்முறை வேண்டுமெனில் கணினி ஆட்டக்காரருக்கு ஒரு வழி உண்டு. ஆடிக்கொண்டிருக்கும்போதே மவுசுக்குச் சார்ஜ் ஏற்றும் விரிப்பை லாஜிடெக் 2017இல் கொண்டுவந்தது. விரிப்புக்கு ஒரு வயர் உண்டு.

இங்கிருந்து இவ்வாய்வின் மையக் கருத்துக்கு வந்துவிடலாம். இதை வயர் மாறாக் கோட்பாடு என அழைப்போம்: ஒரு வீட்டில் உள்ள வயரின் மொத்த நீளம் குறைவதில்லை, பார்ப்பவர் நிற்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கமாக நகர்கிறது.

உண்மையில் இது மிதமான கூற்று. நகர்வதோடு நிற்காமல் பெருகவும் செய்கிறது. முன்பு சோபாவுக்கு அடியில் கிடந்தது ஒரேயொரு யூஎஸ்பி-சி வயர். முறைப்பாசனம்போல முதலில் போன், பிறகு கன்ட்ரோலர், பிறகு ஹெட்போன் என்று அது மடைமாற்றிப் பாய்ந்தது. கடைமடைக்காரர் சற்று முணுமுணுத்தார், அவ்வளவே. இப்போது போனுக்கு ஒரு தட்டு, கன்ட்ரோலருக்கு ஒரு தாங்கி, ஹெட்போனுக்கு ஒரு கொக்கி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர், தனித்தனி அடாப்டர். இத்தனையும் மறைந்திருக்கும் இருட்டை அழகாக்க ஓர் எல்இடி பட்டை, அதற்கும் ஒன்று. அடாப்டர்களுக்கு இடம் போதாமல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதற்குக் கனத்த ஒன்று. எச்டிஎம்ஐ வயரையோ எவராலும் அசைக்க முடியாது.

இக்கோட்பாட்டுக்கான வாய்மொழிச் சான்று என் அக்கா வீட்டுக் கூடத்தில் கிடைத்தது. அவள் மகன் மேற்சொன்ன முறைப்படி எல்லாவற்றையும் ஒழுங்குசெய்து, புகைப்படமும் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பியிருந்தான். படத்தில் வயர் இல்லை. மறுநாள் வீடு பெருக்க வந்த அம்மாள் டிவி யூனிட்டின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது: “தம்பி, முன்னாடி ஒத்த வயர் கெடக்கும், காலால தள்ளிட்டுக் கூட்டிருவேன். இப்போ பின்னாடி பூரா வயரு. வெளக்கமாறே நொழையல.” குறைபொருள் அழகியல் பற்றிய நூல்கள் எல்லாம் முன்பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. பின்பக்கத்தை அன்றாடம் பார்ப்பவர் நூல் எழுதுவதில்லை. அவரிடம் கேட்டாவது அமைத்திருக்கலாம். கேட்கப்பட்டபின் அவர் தந்த யோசனை, இதுவரை நான் கண்ட எந்தக் காணொளியையும்விடத் தெளிவானது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் யூனிட்டின் முதுகில் ஒரு சாண் உயரத்தில் திருகி மாட்டிவிட வேண்டும். வயர்களை அங்கேயே சுருட்டிக் கட்டிவிட வேண்டும். சுவருக்குப் போகும் ஒரே ஒரு வயர் மட்டும் தரையைத் தொடலாம். பையன் இத்துடன் மூன்று அடாப்டர்களை விலக்கி, போதிய வாட் உள்ள பல வாய் அடாப்டர் ஒன்றை வாங்கி வைத்தான். துடைப்பம் நுழைந்தது. அந்தப் பக்கத்தைப் படமெடுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

மேலாய்வுக்குரிய வினாக்களுள் அவசரமானது ஆயுத பூஜை. இவ்வாண்டு கன்சோலுக்கும் சார்ஜ் தட்டுக்கும் பொட்டு வைக்கப்படும் என்று அக்கா அறிவித்துவிட்டாள். தட்டின்மேல் சந்தனம் இடுவதில் தடை இல்லை. காய்ந்தால் மெல்லிய படலம், உலோகமும் அன்று, சார்ஜ் ஏறும். குங்குமம் யூஎஸ்பி துளைப் பக்கம் போகலாகாது. துளையே இல்லாமல் சார்ஜ் ஏறும் கருவிக்கு இங்கே ஒரு மேன்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதை உருவாக்கியவர்கள் இப்பயனைக் கருதியிருக்க மாட்டார்கள். எலுமிச்சம்பழத்தைக் கன்சோலின் முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பதில் தாய்க்கும் மகனுக்கும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பத்து சென்டிமீட்டர் விதி சுவருக்கு மட்டுந்தான், எலுமிச்சைக்கு இல்லை என்பது அக்காவின் உரை.