வாடகைக்கு ஒரு மைதானம்

பாறசாலையிலிருந்து ஒரு வாசகர்: திருவனந்தபுரம் கொம்பன்ஸுக்குச் சொந்தமாக ஸ்டேடியம் உண்டா?

2024-ல் சூப்பர் லீக் கேரளா கால்பந்து தொடங்கியபோது கொம்பன்ஸ் குடிபுகுந்தது சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில். அது காவல்துறையின் இடம். ஆகவே நடுவரைத் திட்டும்போது கொஞ்சம் பார்த்துத் திட்டுங்கள். ஆனால் வீட்டுக்காரர் லேசுப்பட்டவரல்ல. வி.பி.சத்யன், ஐ.எம்.விஜயன் காலத்தில் 1990, 1991 இரண்டு ஆண்டும் பெடரேஷன் கோப்பையைத் தூக்கியது கேரள போலீஸ் அணி.

நெய்யாற்றின்கரை வாசகி: காரியவட்டத்தில் அத்தனை பெரிய கிரீன்ஃபீல்டு ஸ்டேடியம் இருக்கும்போது இது எதற்கு?

2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கேரளப் பல்கலைக்கழக நிலத்தில் கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்குமாகச் சேர்த்துக் கட்டியது அது. 2016 ஜனவரி 3 அன்று தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டம் அங்கேதான். கூடுதல் நேரத்தில் சேத்ரி அடித்த கோலில் ஆப்கானிஸ்தானை 2-1 என்று வென்றோம். அடுத்த வருடமே இந்தியா–நியூசிலாந்து டி20 வந்தது. மழையில் அணிக்கு எட்டு ஓவர்தான் நடந்தது. வீட்டைக் கிரிக்கெட் எழுதி வாங்கிக்கொள்ள அந்த எட்டே போதுமாயிற்று. நடுவில் பிட்ச் போட்டுப் பராமரிக்கிறவர், அதன்மேல் ஸ்டட்ஸ் வைத்த பூட்ஸோடு இருபத்திரண்டு பேரை ஓடவிடுவாரா? விட்டாலும், வட்ட மைதானத்தின் காலரியிலிருந்து கோல் போஸ்டைப் பார்க்கப் பைனாகுலர் வேண்டும்.

இரண்டு ஆட்டம் ஒரே இடத்தில் முடியாததல்ல. லண்டனில் டோட்டன்ஹாம் கிளப் 2019-ல் திறந்த அரங்கத்தில் 62,850 இருக்கைகள். அங்கே புல்தரை மூன்று துண்டாகப் பிரிந்து காலரிக்கு அடியில் போய்விடும். கீழே அமெரிக்கக் கால்பந்துக்குத் தனித் தரை. விருந்தாளி வந்தால் படுக்கையைச் சுருட்டி வைக்கிறார்கள், வீட்டைக் கொடுத்துவிடுவதில்லை. கிளப் தன் பணத்தில் கட்டிய வீடு அல்லவா!

களியக்காவிளை வாசகர்: இந்தியாவில் எல்லாக் கிளப்பும் வாடகைதானா?

ஏறக்குறைய. கேரளா பிளாஸ்டர்ஸ் 2014-ல் ஆடத் தொடங்கிய கலூர் ஸ்டேடியம், விசால கொச்சி வளர்ச்சி ஆணையத்துடையது. மோகன் பகானுக்கு மைதானம் உண்டு. நிலம் ராணுவத்தின் கையில். ஜாம்ஷெட்பூருக்கு அந்தக் கவலை இல்லை, டாடாவே எல்லாம். சூப்பர் லீக் கேரளாவின் முதல் சீசனில் கண்ணூர் அணி கோழிக்கோட்டிலும், திருச்சூர் அணி மஞ்சேரியிலும் ஆடின. சொந்த மண்ணில் ஆட்டம் என்று போஸ்டர் ஒட்டினார்கள் என்றால் பசை அடுத்த மாவட்டத்துடையது.

பொழியூர் வாசகர்: சந்தோஷ் டிராபிக்கு இத்தனை பேரைக் கொடுத்த எங்கள் ஊருக்கு எப்போது ஸ்டேடியம்?

2018-ல் கொல்கத்தாவில் வங்காளத்தைப் பெனால்டியில் வீழ்த்திய கேரள அணியில் உங்கள் ஊர் வீரர் சீசன் இருந்தார். தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப்பக்கம் இரவிபுத்தன்துறை, கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜைக் கொடுத்தது. இந்தக் கரையில் பையன்கள் பந்து பழகியது கடற்கரை மணலில். மணலில் ஓடிய காலுக்குப் புல்தரை ஒரு பொருட்டில்லை. இப்போது அந்த மணலையே கடல் தின்றுகொண்டிருக்கிறது, வீடுகளோடு சேர்த்து. நகரத்து அணிகளின் வீட்டுக் கவலையெல்லாம் இதற்குப் பின்னால்தான். ஆனால் மனுவில் ஸ்டேடியம் என்று மட்டும் எழுதாதீர்கள். கிரிக்கெட்டுக்கும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். கடல் எட்டாத ஒரு மைதானம், வேலி, விளக்கு, இரண்டு கோல் போஸ்ட் என்று எழுதுங்கள்.

ஊரம்பு வாசகி: ஆட்டம் தொண்ணூறு நிமிடம்தானே? கொம்பன்ஸ் ஆட்டத்துக்குப் போன அண்ணன் நடுச்சாமத்தில் வருகிறாரே?

பாலராமபுரம் சந்தி நெரிசலில் நிற்பது கூடுதல் நேரம். அதையும் தாண்டினால் பெனால்டி. அது அண்ணியின் கையில்.