அப்புச்சி கையெழுத்துப் போட்ட கடன்

வா கண்ணு, உக்காரு. செருப்பைக் கழட்டாட்டியும் பரவால்ல. சீமைக்குப் போற ஆளு, இனி எங்களோட வெறுங்காலோட உக்காந்தா நல்லாவா இருக்கும்?

உன்ற படிப்புக் கடனுக்கு, பேங்க்குல மேனேஜர் விரல் வெச்ச இடத்துலெல்லாம் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். தென்னந்தோப்பு இருக்குதுங்க, பூமியை எழுதிக்குங்கன்னேன். விவசாய பூமி ஆகாதுங்கய்யா, கடன் நின்னுபோச்சுன்னா எங்களால அதை லேசுல எடுத்து விக்க முடியாது, சட்டம் எடங்குடுக்காதுன்னார். டவுன்ல இருக்கிற ஊட்டுப் பத்திரத்தைக் கேட்டார். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாம் குடுத்தாச்சு. அப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சிரிப்பு. காலம் பூரா நான் உழுத மண்ணைப் பேங்க்காரன் தொடமாட்டான். நீ பத்து மணிவரைக்கும் படுத்துத் தூங்கின ஊட்டைத்தான் எடுத்துக்குவான்.

கையெழுத்துப் போட்டவனுக்குக் கேள்வி கேக்க உரிமை உண்டு. புத்தி சொல்லவும் உரிமை உண்டான்னு மேனேஜர்கிட்டக் கேக்கல. கேட்டா இல்லேன்னு சொல்லிருவாரு, எதுக்கு வம்பு?

நீ செர்மனிக்குப் போவோணும்னு முடிவெடுத்தது காலேஜ்ல இல்ல, வாட்ஸ்அப்புல. மேக்கால தோட்டத்துப் பையன் பனிக்குள்ள நின்னுக்கிட்டு ஒரு கருப்புக் காருமேல கையை வெச்சு போட்டோ போட்டான் பாரு, அன்னைக்கு ராத்திரியே உனக்குக் காய்ச்சல் கண்டுபோச்சு. அந்தக் காரு யாருதுன்னு நீ கேட்டியா? நான் கேட்டேன். “ரோட்டோரம் நின்னுச்சுங்க தாத்தா”ன்னான். நல்ல பையன், பொய் சொல்லத் தெரியல. ஆனா அந்த ஒரு போட்டோ நம்மூர்ல நாலு ஊட்டுப் பத்திரத்தைப் பேங்க்குல கொண்டுபோய்ச் சேர்த்திருச்சு. 2023-24ல செர்மனியில படிச்ச நம்ம நாட்டுப் புள்ளைக 49,483 பேராம், வேற எந்த வெளிநாட்டுக்காரனும் அத்தனை பேர் கிடையாதாம், பேப்பர்ல போட்டிருந்தான். அத்தனை பேர்ல ஒருத்தனாவது பரீட்சையில போன அன்னைக்கு ஒரு போட்டோ போட்டிருப்பானா?

உனக்கு அங்க எடம் வாங்கித் தர்றேன்னு வந்த கன்சல்டன்சிக்காரன் உங்கப்பனுக்குக் காப்பி வாங்கிக் குடுத்தப்பவே எனக்கு உறுத்துச்சு. செர்மனியில அரசாங்கப் பல்கலைக்கழகத்துல பெரும்பாலும் படிப்புக்குன்னு காசு வாங்கறதில்ல. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்துல 2017லிருந்து நம்ம மாதிரி வெளியாளுககிட்ட செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்கறான். மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியில 2024லிருந்து மாஸ்டர்ஸுக்கு 4,000லிருந்து 6,000 வரைக்கும் போட்டிருக்கான். இப்படி அங்கங்க உண்டு. மத்த இடத்துல செமஸ்டர் கட்டணம்னு ஒரு சின்னத் தொகை, அவ்வளவுதான். சும்மா கிடைக்கிறதுல கமிசனுக்கு என்ன வழி? அதனாலதான் அவன் தனியார் காலேஜாவே எடுத்து எடுத்துக் காட்டினான். கட்டடமெல்லாம் கண்ணாடி, உங்கப்பன் மயங்கிப்போனான். உன்ற பெரியம்மா மக, உங்கக்கா, கெம்னிட்ஸ்ல இருந்து போன்ல ஒரு அதட்டுப் போட்டா, நீ தப்பிச்சே.

மாக்டபர்க் யுனிவர்சிட்டியில எடம் கிடைச்சதுல எனக்கு நெம்பச் சந்தோசம். அந்த யுனிவர்சிட்டிக்கு ஓட்டோ ஃபான் கேரிக்கேன்னு அந்த ஊர்ப் பழைய மேயர் பேரை வெச்சிருக்கான். அவரு என்ன பண்ணினாரு தெரியுமா? ரெண்டு செம்புக் கிண்ணத்தை வாயோட வாய் சேர்த்து, உள்ள இருந்த காத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துப்போட்டு, பக்கத்துக்கு எட்டுக் குதிரை கட்டி இழுக்கச் சொன்னாராம். பிரியவே இல்ல. உள்ள ஒண்ணுமே இல்லாததுக்கு அத்தனை பலம்! கேட்டதும் உன்ற ஞாபகம்தான் வந்துச்சு, சரியான ஊருக்குத்தான் போறான்னு நெனச்சுக்கிட்டேன். பலமெல்லாம் உள்ள இல்லீங்க அப்புச்சி, வெளிக்காத்து அமுக்கறதுதான்னு உங்கக்கா விளக்கினா. அதுவும் சரிதான். உன்னைய இத்தனை வருசம் பிரியாம வெச்சிருந்ததும் நாங்க வெளிய நின்னு அமுக்கினதுதானே.

அடுத்தது அந்த பிளாக்டு அக்கவுண்ட். விசாவுக்கு 11,904 யூரோ முன்கூட்டியே கட்டோணும். யூரோ நூறு ரூபாய்க்குக் கிட்ட நின்னா அது பன்னெண்டு லட்சம். உன்ற பேர்ல இருக்கிற காசுதான், ஆனா நீ தொட முடியாது. கறவைக்குப் பருத்திக்கொட்டை அளந்து வெக்கற மாதிரி மாசம் 992 தான் விடுவான். இதைக் கண்டுபிடிச்சவன் ஊட்ல கண்டிப்பா ஒரு பேரன் இருந்திருக்கோணும். அதுக்குள்ள வாடகை, இன்சூரன்ஸ், சோறு எல்லாம் அடங்கோணும். ஊட்ல டிவி இல்லாட்டியும் டிவி, ரேடியோவுக்குன்னு ஊட்டுக்கு மாசம் 18.36 யூரோ கேட்டுக் கடுதாசி வரும். எங்கிட்ட டிவியே இல்லீங்கன்னு வாதாட வேண்டாம், உங்கக்கா வாதாடிப் பார்த்துட்டா. அங்க கடுதாசிக்குத்தான் மரியாதை. குடிபோன ரெண்டு வாரத்துக்குள்ள டவுன் ஆபீசுல பேரைப் பதியோணும். இங்க ரேஷன் கார்டுல உன்ற பேரைச் சேர்க்க நாந்தான் தாலுக்கா ஆபீசுக்கு அலைஞ்சேன். அங்க நீயே அலைஞ்சுக்கோ, காத்தாடும்.

படிப்பைப் பத்தி நான் என்னத்தைச் சொல்ல? வருகைப்பதிவு பெரும்பாலும் கிடையாதாம். நீ வரலைன்னு யாரும் ஊட்டுக்குப் போன் பண்ணமாட்டான். உனக்கு இது சொர்க்கமாத் தெரியும், கண்ணியே அதுதான். பாடம் முடிஞ்சா கை தட்டறதில்ல, மேசையை முட்டியால தட்டுவாங்க. நீ பின்வரிசையில தூங்கிட்டிருந்தா அந்தச் சத்தத்துக்கு முழிச்சுக்கலாம், அது ஒரு வசதி. ஆனா ஒரு பரீட்சைக்குப் பல இடத்துல மூணு தடவைதான். மூணாந்தடவையும் போச்சுன்னா அந்தப் படிப்பே போச்சு, பேரை அடிச்சுப்போடுவான். இங்க அரியரை வெச்சு வெச்சு எழுதின சாமர்த்தியமெல்லாம் அங்க வேகாது. இன்னொண்ணு, அங்க 1.0 தான் உசத்தி, 4.0 வாங்கினா கரை ஏறினது, 5.0ன்னா முழுகினது. உங்கம்மாகிட்ட ஒண்ணு வாங்கினேன்னு சொல்லிப்போடாத, அழுதுருவா. அஞ்சு வாங்கினா தாராளமாச் சொல்லு, பொங்கல் வெப்பா.

பாடம் இங்கிலீஷ்லதானே அப்புச்சி, செர்மன் எதுக்குன்னே. பாடம் இங்கிலீஷ்லதான். வேலை குடுக்கிறவன், ஊடு குடுக்கிறவன், ஊசி போடற டாக்டர் ஊட்டுல போன் எடுக்கிற அம்மா, இவங்கெல்லாம் இங்கிலீஷ்ல பேசறேன்னு உனக்கு எழுதிக் குடுத்திருக்காங்களா? கோயமுத்தூர்ல கோதே சென்ட்ரம் இருக்கு, பஸ் ஏறினா போயிரலாம். விசாவுக்குக் காத்துக் கெடந்த மாசமெல்லாம் நீ போகல. கிரிக்கெட் இருந்துச்சு.

மொழி எப்படிக் கத்துக்கறதுன்னு கேளு. 1706ல சீகன்பால்குன்னு ஒரு செர்மன்காரன் தரங்கம்பாடியில வந்து இறங்கினான். உன்ற வயசுதான் அவனுக்கு. ஹாலேங்கிற ஊர்ல படிச்சவன், நீ போற மாக்டபர்க்கும் அந்த ஊரும் இப்ப ஒரே மாநிலம். சின்னப் புள்ளைக மணல்ல எழுதிப் படிக்கிற பள்ளிக்கூடத்துல அவங்களோட ஒட்டுக்கா உக்காந்து விரலால அ, ஆ எழுதிப் பழகினான். துரை மணல்ல உக்காந்தா கௌரவம் போயிரும்னு பார்க்கல. 1715ல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சே போட்டு வெளிய விட்டுட்டான். மதம் பரப்பத்தான் வந்தான், அந்தப் பழமை வேற. நான் சொல்றது அவன் உக்காந்த மணலைப் பத்தி. நம்ம பக்கத்து ஓலைச்சுவடிக ஹாலேயில இன்னும் பத்திரமா இருக்குதாம். ரயில் ஏறி ஒரு நாளைக்குப் போய்ப் பாரு. படிக்கத் தெரியலைன்னா பக்கத்துல எவனாவது செர்மன்காரன் நிப்பான், கேட்டா படிச்சுச் சொல்லுவான்.

ஊட்டு வேலை? அதுல நீ மன்னன். தட்டுல கை கழுவறவன். அங்க சோத்தை நீயே ஆக்கோணும், ஆக்கினா மட்டும் போதாது. எத்தனை குளிரா இருந்தாலும் காலையும் பொழுதோடயும் சன்னலை அஞ்சு பத்து நிமிசம் விரியத் திறந்து வெக்கோணும். இல்லாட்டி சோத்து ஆவியும் ஈரத்துணியும் சேர்ந்து செவுத்துல கருப்பாப் பூஞ்சை பூத்துரும். ஊட்டுக்காரன் மூணு மாச வாடகை வரைக்கும் அட்வான்ஸ் பிடிச்சு வெச்சிருப்பான், பூஞ்சையை அதுல கழிச்சுக்குவான். குப்பையில காகிதம் ஒண்ணுல, காய்கறித் தோல் ஒண்ணுல, பிளாஸ்டிக் ஒண்ணுல, கண்ணாடிப் பாட்டிலைக் கலர் வாரியாத் தெருமுனைப் பெட்டியில போடோணும். கலர் குடிச்சிட்டு பிளாஸ்டிக் பாட்டிலைக் கார்ச் சன்னல்ல வீசுவியே, அங்க ஒரு பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம். கடை மெசினுக்குள்ள திருப்பிப் போட்டாத்தான் காசு வரும். உங்கக்கா பை நெறையாப் பாட்டில் தூக்கிட்டு நடக்கறதை வீடியோவுல பார்த்தேன். எம்.எஸ். படிக்கிற புள்ளைன்னு உங்க பெரியம்மா ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தா, நான் வாயைத் திறக்கல.

வேலைக்குப் போகலாம். வருசத்துக்கு 140 முழு நாள், இல்லாட்டி 280 அரை நாள்னு கணக்கு. மணிக்கு இத்தனைக்குக் குறையக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, 2025ல 12.82 யூரோ. பார்சல் கிட்டங்கியில பெட்டி தூக்கற வேலைதான் மொதல்ல கிடைக்கும். நம்ம தோட்டத்துல நாலு தேங்காய் பொறுக்கச் சொன்னா முதுகு புடிச்சுக்கும் உனக்கு. அங்க புடிக்காது, பாரு. தூக்கு, தப்பே இல்ல. ராத்திரி ஷிப்டுல நாலு காசு பார்த்துட்டு வெடியாலப் பரீட்சையைக் கோட்டை விட்டயோ, கணக்கு தலைகீழாயிரும். படிப்பு முடிஞ்சு ஒரு வருசம் வரைக்கும் பேங்க்காரன் தவணை கேக்கமாட்டான். வட்டி மட்டும் அவன்பாட்டுக்கு ஓடிட்டு இருப்பான், அவனுக்கு ஞாயித்துக்கிழமையும் கிடையாது.

இப்ப சொல்லப்போறதுதான் சோலி, காதைக் குடு. அந்தப் பக்கம் டிசம்பர்ல எட்டு மணிக்குத்தான் வெடியும், நாலு மணிக்கெல்லாம் இருட்டிரும். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தைத் திருப்பி வெச்சா நமக்கும் அங்கேயும் நாலரை மணி நேரம் வித்தியாசம். உங்கக்கா மொத வருசம் அந்த இருட்டுல இருந்துக்கிட்டு தினமும் “சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்”னா. எல்லாருக்கும் போட்டோ வந்துச்சு, கிறிஸ்துமஸ் சந்தை, வெளக்கு, பனி. உங்க பெரியம்மா அதைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிட்டா. எனக்குக் குரல் சரியாப் படல. ஒரு ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் கூப்பிட்டு, “எந்தப் பரீட்சை போச்சு அம்மிணி?”ன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் அழுதா. அழுது முடியற வரைக்கும் நான் பொடக்காளியில நின்னுட்டு இருந்தேன். முடிஞ்சதும் ரெண்டு பேரும் கணக்குப் போட்டோம். ரெண்டாந்தடவை எப்ப, கையில காசு எவ்வளவு, எந்த ஷிப்டை விடலாம்னு. ஊட்ல இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. உன்ற வாய் வழியா வெளிய போச்சுன்னா தென்னைமரத்துல கட்டிப்போடுவேன், பிளைட் போயிரும்.

அதனால போட்டோவை உங்கம்மாவுக்கு அனுப்பு. காரு எவனுதா இருந்தாலும் பரவால்ல, சாஞ்சு நில்லு, ஊர் பார்க்கட்டும். எனக்குப் போட்டோ வேண்டாம். வாடகை எவ்வளவு, எந்தப் பேப்பர் எத்தனாவது தடவை, கடைசியா எப்பச் சோறு ஆக்கினே, அதைச் சொல்லு. ஏமாத்தலாம்னு நெனைக்காத. மாட்டு வியாபாரிககிட்டயே ஏமாறாதவன், உன்கிட்ட ஏமாறுவேனா?

கறிவேப்பிலைக்கும் புளிக்கும் அலைஞ்சு ஒருநாள் இலங்கைத் தமிழர் கடைக்குப் போய்ச் சேருவே. 83 கலவரத்துக்கு அப்புறம் உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு செர்மனிக்குப் போனவங்க. அவங்களுக்கு பிளாக்டு அக்கவுண்டும் இல்ல, லீவுக்கு வந்து போக ஊரும் இல்ல. ஹாம்ங்கிற ஊர்ல காமாட்சியம்மனுக்குக் கோபுரத்தோட கோயில் எழுப்பி 2002ல கும்பாபிசேகம் பண்ணிப்போட்டாங்க, வருசா வருசம் தேர் ஓடுது. அண்ணா, அக்கான்னு மரியாதையாக் கூப்பிடு, வெலையில பேரம் பேசாத. மாஸ்டர்ஸ் பண்ண வந்திருக்கோம்னு நெஞ்சை நிமித்தினேன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் இருக்கு.

உங்கம்மா பெட்டி கட்டறதைப் பார்த்தேன். நெய் டப்பாவை எடுத்து வெளிய வை, உப்புக்கண்டத்தையும் எடு. கறியும் பால் சாமானும் ஐரோப்பாவுக்குள்ள விடமாட்டான், சுங்கத்துல புடுங்கிக் குப்பையில போடுவான். கறிவேப்பிலையும் ஆகாது. பச்சையா எது கொண்டுபோனாலும் பூச்சி, நோய் இல்லேன்னு சான்று வேணுமாம். அஞ்சே அஞ்சு பழத்துக்கு மட்டும் விலக்கு. வாழை, அன்னாசி, பேரீச்சை, டுரியான்னு ஒண்ணு, அப்புறம் தேங்காய். தேங்காய் கண்ணு! பேங்க்குக்கு ஆகாத தோப்பு ஐரோப்பாவுக்கு ஆகுது. கொப்பரை வேண்டாம், எண்ணெய்ச் சரக்கு, தீப்புடிக்கும்னு விமானக்காரனே எடுத்துருவான். நல்ல முத்தலா ரெண்டு மட்டை உரிச்சுக் குடுமியோட வெச்சிருக்கேன், சட்டைக்கு நடுவுல சுத்திக்கோ. உடைக்க அருவாள் கொண்டுபோக முடியாது, எதையாவது வெச்சுத் தட்டிக்கோ. ராத்திரி பத்து மணிக்கு மேல தட்டாத, கீழ்ஊட்டுக்காரி போலீசைக் கூப்பிடுவா. ஞாயித்துக்கிழமை பகல்லயும் தட்டாத, அன்னைக்குப் பூராவும் அந்த ஊர்ல சத்தம் கூடாது. கடையும் பூட்டியிருக்கும். சட்னி வேணும்னா சனிக்கிழமையே நெனைச்சுக்கோ.