காதால் கற்று வாயால் கெடுவது எப்படி?

ஹூஸ்டனிலோ மயாமியிலோ ரெசிடென்சி கிடைத்துவிட்டதா, டாக்டர்? வாழ்த்துகள். இத்தனை வருடம் ஆங்கிலத்தைக் கரைத்துக் குடித்தீர்கள். ஆனால் அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கும் மேல். அவர்களில் ஒருவராவது உங்கள் முதல் நைட் டியூட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரத்தான் போகிறார். வகுப்புக்குப் போக உங்களுக்கு நேரமில்லை. புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் வருகிறது. ஆகவே ஒலிப்பாடமே கதி. அதை முறையாகக் கேட்டு முறையாக மாட்டிக்கொள்ளும் வழிகள் இதோ.

1. குருவைத் தேர்ந்தெடுங்கள்

இந்தத் துறையில் இரண்டு பேர் பெரிய கை. இருவரும் இன்று உயிரோடு இல்லை என்பதால் உங்கள் உச்சரிப்பு அவர்களைப் பாதிக்காது.

முதலாமவர் போலந்தில் பிறந்த மிஷேல் தாமஸ். எதையும் எழுதக் கூடாது, மனப்பாடம் செய்யக் கூடாது, நினைவில் வைக்க முயலவே கூடாது. மாணவன் மறந்தால் அது ஆசிரியரின் பொறுப்பு என்பது அவர் கொள்கை. எல்.கே.ஜி.யிலிருந்து எம்.பி.பி.எஸ். வரை மனப்பாடத்தாலேயே கரையேறிய நமக்கு இதைவிடப் பெரிய வரம் உண்டா? அவருடைய பதிவில் இரண்டு மாணவர்களும் கூடவே பேசுவார்கள், தப்பும் செய்வார்கள். அவர்கள் திணறும்போதெல்லாம் நமக்கு ஒரு மேதாவிக் களை வந்துவிடும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வார்டில் இழப்பதற்குத் தேவைப்படும்.

இரண்டாமவர் பால் பிம்ஸ்லர். 1967-இல் அவர் ஒரு நினைவு அட்டவணை போட்டார். புதிய சொல்லை 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், 2 வருடம் என்று ஏறக்குறைய ஐந்து மடங்காக விரியும் இடைவெளியில் மறுபடி கேட்க வேண்டும். சிறுநீரகத்துக்கான சொல்லை இன்று தொடங்கினால் அட்டவணை முடிவதற்குள் நீங்கள் இருதயப் பிரிவுக்குப் போயிருப்பீர்கள்.

2. காரில் கேளுங்கள்

நெடுஞ்சாலையில் தனியாகப் போகும்போது சத்தமாகப் பதில் சொல்லுங்கள். பக்கத்து வண்டிக்காரர் பார்த்தால் கவலை வேண்டாம், அவர் உங்கள் நோயாளி இல்லை. ஆசிரியர் இடைவெளி விடும்போது வாயைத் திறக்காமல் "எனக்குத் தெரியுமே" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வது மட்டும் கூடாது. அப்படிச் செய்தால் முப்பது பாடமும் முடியும், மூன்று வாக்கியம்கூட வராது.

3. ஆங்கிலத்தை வழியில் இறக்கிவிடுங்கள்

இந்த ஒரு அறிவுரையில் கிண்டல் இல்லை. தலைவலியை ஸ்பானிஷில் 'மே துவேலே லா கபேஸா' என்பார்கள். ஆங்கிலத்தில் படித்தவர்கள் இதைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துத் தவிப்பார்கள். நமக்கு என்ன தவிப்பு? 'எனக்கு வலிக்கிறது தலை', அவ்வளவுதான். பிடிக்கும் என்பதற்கும் அதே 'எனக்கு'தான். 'மூணு நாளா வலிக்குது' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை அவர்களும் 'ஆஸே த்ரெஸ் தீயாஸ் கே மே துவேலே' என்று நிகழ்காலத்திலேயே சொல்கிறார்கள். வினை விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்ல வேண்டியதும் இல்லை. மாத்திரை போட மறந்த நோயாளி 'ஸே மே ஓல்விதோ' என்பார். 'எனக்கு மறந்துபோச்சு' என்று நம்மூர் நோயாளி சொல்வதைப் போலவே, மறதி தானாக வந்தது, அவர்மேல் குற்றமில்லை. இவ்வளவு ஒற்றுமை இருந்தும் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவேன் என்றால் போங்கள். படித்தவர் இல்லையா?

4. 'இரு' இரண்டு என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்

ஸ்பானிஷில் 'இருத்தல்' இரண்டு வகை: 'ஸெர்', 'எஸ்தார்'. நிரந்தரமானதற்கு ஸெர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்று பல ஆசிரியர்கள் சுருக்கிச் சொல்லிக்கொடுப்பார்கள். நம்பி வார்டுக்குள் போங்கள். காய்ச்சலில் கிடப்பவருக்கு எஸ்தார், சரி. இறந்தவருக்கும் எஸ்தார்! 'எஸ்தா முவெர்த்தோ.' மரணம் தற்காலிகம் என்பதில் மறுபிறவியை நம்பும் நம்மவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் நூறு வருடமாக ஒரே இடத்தில் நிற்கும் ஆஸ்பத்திரிக் கட்டடம் ஹூஸ்டனில் 'இருப்பதற்கும்' எஸ்தார்தான். ஒருவர் யார், என்ன என்பதற்கு ஸெர். எந்த நிலையில், எந்த இடத்தில் என்பதற்கு எஸ்தார். இப்படிப் பிரித்துக்கொண்டால் இறந்தவரும் கட்டடமும் அவரவர் இடத்தில் இருப்பார்கள்.

5. உறுப்புகளின் பாலை அறியுங்கள்

வயிறு ஆண், தலை பெண். இதயம் ஆண், ரத்தம் பெண். 'ஓ'வில் முடிவது ஆண் என்று விதி சொல்லும், கைக்குரிய 'மானோ' மட்டும் பெண்ணாகவே இருக்கும். அஃறிணை என்று ஒரே கூடையில் போட்டு வளர்ந்த நமக்கு இது அநியாயம்தான். ஆனால் வலியில் துடிப்பவர் உங்கள் பால்வழுவைத் திருத்த மாட்டார். இதில் தாராளமாகத் தப்பு செய்யுங்கள்.

6. மரியாதையோடு கட்டளையிடுங்கள்

'நீ'க்கு 'தூ', 'நீங்க'ளுக்கு 'உஸ்தெத்'. 'தூ'வில் ஏவலுக்கு ஒரு வடிவம், விலக்கலுக்கு வேறு வடிவம். மரியாதைக்கு ஒரே வடிவம் போதும்: 'ரெஸ்பீரே', மூச்சு விடுங்கள், 'நோ ரெஸ்பீரே', விடாதீர்கள். மரியாதை தெரிந்தவருக்கு இலக்கணம் பாதி மிச்சம்.

எக்ஸ்ரே அறைக்கு இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'இனி மூச்சு விடலாம்' என்பது அடுத்த பாடத்தில்தான் வரும், அதுவரை நோயாளி காத்திருக்கட்டும்.

அழுத்தத்தையும் அலட்சியப்படுத்துங்கள். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது, அங்கே மாறும். முதல் அசையை அழுத்தி 'தோமெ' என்றால் 'சாப்பிடுங்கள்'. கடைசியை அழுத்தி 'தொமே' என்றால் 'நான் சாப்பிட்டேன்'. தினம் இரண்டு மாத்திரை சாப்பிடச் சொல்வதாக நினைத்து, அவருடைய இரண்டு மாத்திரையை நீங்களே விழுங்கிவிட்டதாக வாக்குமூலம் கொடுப்பீர்கள். திரும்பி வருவதும் அப்படித்தான்: 'தோமொ' என்றால் 'நான் சாப்பிடுகிறேன்', 'தொமோ' என்றால் 'அவர் சாப்பிட்டார்'. அச்சில் ஒரு சிறு கோடுதான் வித்தியாசம். காதால் மட்டுமே பிடிபடும் இந்த இடத்தில்தான் ஒலிப்பாடம் கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது.

7. கேள்வி கேளுங்கள், பதிலுக்குத் தயாராகாதீர்கள்

'தோந்தே லே துவேலே?' எங்கே வலிக்கிறது? உங்கள் உச்சரிப்பு பிரமாதம். அதுதான் வினை. டாக்டருக்கு நம் பாஷை தெரியும் என்று மகிழ்ந்து, அந்த அம்மாள் வலி எப்போது வந்தது, எப்போது விட்டது, முன்பு எப்படி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது, மருமகள் என்ன கஷாயம் கொடுத்தாள் என்று கொட்டித் தீர்ப்பார். ஒருமுறை வந்து போன காய்ச்சலுக்கு ஒரு இறந்தகாலம், தொடர்ந்து இருந்த காய்ச்சலுக்கு இன்னொரு இறந்தகாலம். நோய் வரலாறே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஒலிப்பாடத்து ஆசிரியர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார், வலிக்கிறவர் பேச மாட்டார். நீங்கள் "ஸீ, ஸீ" என்று தலையாட்டுங்கள். தலையாட்டியதெல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறும்.

8. கடைசியாக, பொத்தானை அழுத்துங்கள்

கட்டில் அருகே சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஒரு திரை நிற்கும், இல்லாவிட்டால் ஒரு தொலைபேசி இருக்கும். அழுத்தினால் பயிற்சி பெற்ற மருத்துவ மொழிபெயர்ப்பாளர் வருவார். அவர் 'இந்த அம்மாவுக்கு வலிக்கிறதாம்' என்று சொல்லாமல் 'எனக்கு வலிக்கிறது' என்று நோயாளியின் குரலாகவே பேசுவார். நீங்கள் திரையைப் பார்க்காமல் நோயாளியைப் பார்த்துப் பேச வேண்டும். மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனை இந்தச் சேவையை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டமும் 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவும் அதற்கு அடிப்படை. இரண்டு மொழியும் தெரிந்த சிறு மகளைப் பக்கத்தில் நிறுத்தி அம்மாவின் நோயை விளக்கச் சொல்வது, உயிர்போகும் அவசரம் தவிர, விதிப்படி கூடாது. மனிதத்தன்மைப்படியும் கூடாது.

வணக்கம் சொல்ல, வலி எங்கே என்று கேட்க, மூச்சை இழுத்து விடச் சொல்ல, பயந்தவரைத் தேற்ற ஒலிப்பாடம் போதும்; அதற்காகவே அதைக் கற்கலாம், கற்க வேண்டும். நோய் வரலாறு, மருந்தின் அளவு, அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகிய மூன்றுக்கும் அது போதாது. அங்கே உங்கள் ஸ்பானிஷைப் பைக்குள் வைத்துவிட்டு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள், டாக்டர்.