ஊசி போடாத டாக்டருக்கு என்னத்துக்குலே துட்டு?

ஏலே பேரப்பிள்ள, ரெண்டு தும்மல் தும்முனதுக்கு வண்ணாரப்பேட்டைக்குப் போயி மூக்குக்கு ஒரு டாக்டரு, நெஞ்சுக்கு ஒரு டாக்டரு, தலைக்கு ஒரு ஸ்கேன்னு பாத்துட்டு வந்தியாமே? ராத்திரி பூரா செல்லைத் தடவி, என்ன நோவுன்னு நீயே முடிவு கட்டி, காலையில டாக்டருக்கே பாடம் எடுத்தியாம். பெறகு அவரு அஞ்சரை வருசம் என்னத்துக்குலே படிச்சாரு?

சேரன்மாதேவிப் பக்கம் அந்தக் காலத்துல எல்.எம்.பி. படிச்ச டாக்டருதான். நாக்க நீட்டச் சொல்லுவாரு, நாடி புடிப்பாரு, நேத்து என்னத்தத் தின்னேன்னு கேப்பாரு. வேளைக்கு இவ்வளவுன்னு காகிதம் வெட்டி ஒட்டுன பாட்டில்ல கம்பவுண்டரு மிக்சர ஊத்தித் தருவாரு. உங்க தாத்தனுக்கு இழுப்பு உண்டுங்கது அவருக்கு மனப்பாடம். 1965ல ஐகிரவுண்டுல மெடிக்கல் காலேஜ் வந்திச்சு. பெரிய சீக்குன்னா அங்க போவோம். அதுவும் நம்ம டாக்டரு சீட்டு எழுதிக் கொடுத்த பெறகுதான். எங்க போணும்னு சொல்ல ஒரு ஆளு இருந்தாரு. உனக்கு யாருலே இருக்கா?

சரி, அப்படி ஒருத்தர வச்சுக்கிட்டா அவருட்ட என்ன எதிர்பாக்கலாம்? மருத்துவக் கவுன்சில் 2002லயே விதி போட்டு வச்சிருக்கு. சீட்டுல பதிவு எண் இருக்கணும். மருந்துப் பேரு கோழி கிளறுன மாதிரி இல்லாம, வாசிக்கும்படியா இருக்கணும்னு 2016ல சேத்தாங்க. பீசு எவ்வளவுன்னு முன்னாலயே சொல்லணும். படுத்து வைத்தியம் பாத்திருந்தா, ரெக்கார்டு கேட்ட 72 மணி நேரத்துல கைக்கு வரணும். ஸ்கேனுக்கு ஆள அனுப்பிட்டுக் கமிஷன் வாங்கப்படாது. உன் சங்கதிய ஊருக்குச் சொல்லப்படாது. இதுல கூச்சம் என்ன? கேளு. மரியாதையாக் கேளு.

துட்டு வாங்கிப் பாக்குற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டு. உடனே வக்கீலத் தேடிக் கிளம்பிராத! கவனமாப் பாத்தாரான்னுதான் கோர்ட்டு கேக்கும். ஏன் குணமாகலைன்னு கேக்காது.

இனி உன் சங்கதிக்கு வாரேன். "பவரா ஒரு ஊசி போடுங்க"ன்னு கைய நீட்டுதியே, சளி பெரும்பாலும் வைரசால வாரது. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவத்தான் அடிக்கும். வராத திருடனுக்கு எதுக்குலே நாயி? "தெம்புக்கு குளுக்கோஸ் ஏத்துங்க"ங்கே. அந்த அரை லிட்டர் பாட்டில்ல கிடக்குறது 25 கிராம் சர்க்கரை. நூறு கிராம் அல்வாவுல அதுக்கு மேல இருக்கு. வாயால திங்க முடிஞ்சவனுக்கு நரம்புல எதுக்கு?

"மருந்து ஒண்ணும் வேண்டாம், கஞ்சியக் குடிச்சிட்டு ரெண்டு நாள் படு. மூச்சு வாங்குனா உடனே வா"ன்னு ஒருத்தரு சொல்லுதாரு. நீ என்ன செய்யுதே? "இதுக்கா இருநூறு ரூவா?"ன்னு மூஞ்சியத் தூக்குதே. சவத்த மூதி! ஊசிக்குத் துட்டு கொடுக்கே, புத்திக்குக் கொடுக்க மாட்டேங்கே. ஊசி போட யாராலயும் முடியும். வேண்டாம்னு சொல்லத்தான் படிப்பு வேணும். நீங்கள்லாம் முகத்தத் திருப்பித் திருப்பித்தான் நல்ல டாக்டரும் கடைசில ஊசிய எடுக்காரு.

நோயாளி விதியாளின்னா பரியாரி பேராளின்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நோயாளிக்குப் பிழைக்க விதி இருந்தாத்தான் வைத்தியருக்குப் பேரு. அந்த விதியில பாதி உன் பாடு. எத்தன சிகரெட்டு ஊதுதே, பக்கத்து வீட்டுக்காரன் கொடுத்த மாத்திரையில எதை முழுங்குனேன்னு ஒளிக்காமச் சொல்லுதியா? பொய்யச் சொல்லிட்டு நெசமான மருந்து கேட்டா அவரு எங்கலே போவாரு?

நடந்து போற தூரத்துல ஒரு டாக்டரப் பாத்து வையி. நோவு இல்லாத அன்னைக்கே போயி பிரஷரப் பாத்துட்டு வா. பீசக் கொடுத்துட்டு வா. ஊசி கேக்காம வா.