வாத்தியம் வாங்கத் தெரிந்த ஊர்

வாத்தியம் தெரிவு செய்வதில் சாம்பல்தீவாரை மிஞ்ச இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் ஆளில்லை என்று அடித்துச் சொல்வேன். நிலாவெளி வீதியால் வாகனத்தில் போகிறவர்கள் எங்கள் பாலத்தையும் களப்பையும் பார்த்துவிட்டு, இது மீனும் காற்றும் உள்ள ஊர் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். எங்கள் இசைஞானம் வீட்டுக்குள் இருக்கிறது. மற்ற ஊர்களில் பிள்ளைக்கு எந்த ஓசை பிடிக்கிறது என்று முதலில் பார்ப்பார்களாம். சொல்லிக்கொடுக்க ஆள் கிட்டடியில் உண்டா என்று விசாரிப்பார்களாம். அதற்குப் பிறகுதான் கடைக்குப் போவார்களாம். எவ்வளவு சுற்றுவழி! நாங்கள் முதலில் வாங்கிவிடுவோம். குருவும் செவியும் ஆசையும் பின்னால் வந்து சேரட்டும்.

வயலினையே எடுங்கள். பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) போன்றோர் அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார்கள். மேல்நாட்டார் தோளில் வைத்து வாசித்ததை, நம்மவர் நிலத்தில் சப்பணம் கட்டியிருந்து, அதன் சுருள்தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கும்படி மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து நாங்கள் தொடர்கிறோம். சின்னப் பிள்ளைகளுக்கென்று கால், அரை, முக்கால் என்று வயலின் பல அளவில் வருகிறது. அதெல்லாம் காசு பிடுங்கும் வேலை என்று கண்டுபிடித்தவர்கள் நாங்கள். தை மாதம் பள்ளிச் சப்பாத்தை இரண்டு அளவு கூட வாங்குகிற அதே முன்யோசனையோடு, ஏழு வயதுப் பிள்ளைக்கு முழு வயலின் வாங்குவோம். கை எட்டாவிட்டால் வளரவேண்டியது கைதான்.

பெட்டிக்குள் தேன்நிறத்தில் ஒரு குங்கிலியக் கட்டி இருக்கும். அதன் வழுவழுப்பான மேற்புறத்தைச் சற்றுச் சுரண்டி, வில்லின் மயிரில் நன்றாகத் தேய்த்தால்தான் தந்தி பேசும். தேய்க்காத வில், எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு போகும், சத்தமே வராது. எங்கள் வீடுகளில் அந்தக் கட்டி சுற்றிய தாள்கூடக் கசங்காமல் இருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய பொருளைத் தேய்த்து அழிக்க யாருக்கு மனம் வரும்? பிள்ளை வில்லை இழுக்கிறது, வீடு அமைதியாக இருக்கிறது, அயலவர் எங்கள் பண்பை மெச்சுகிறார்கள். பிரடை நழுவி, ச-ப-ச-ப என்று நிற்கவேண்டிய நான்கு தந்தியும் நான்கு பக்கம் போனாலும் ஒருவரும் பதறுவதில்லை. ஒரு கிழமையில் பிள்ளைக்கு ‘இசை வராது’ என்று தீர்ப்பும் சொல்லிவிடுவோம். இவ்வளவு விரைவாக நீதி வழங்கும் மன்று இந்த நாட்டிலேயே வேறு கிடையாது.

கனடாவில் இருக்கிற மாமாமாரின் தாராளத்தைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவனாவேன். அவர்கள் அனுப்பும் கீபோட்டில் டெமோ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமத்தினால் பாட்டும் தாளமும் தாமாகவே வரும். பிள்ளை விரலை அசைக்க, அப்பா கைத்தொலைபேசியில் படம் பிடித்து அன்றிரவே ரொறொன்ரோவுக்கு அனுப்ப, அங்கே மாமி கண்கலங்குவா. கட்டைகளுக்கு நடுவே வழுக்கிப் போகிற கமகத்தை இதில் எப்படிப் பிடிப்பது என்று சிலர் கேட்கிறார்கள். இதே குறைக்காகத்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை வெளியே வைத்து, 1971 வரை உள்ளே விடவில்லை. பாவம், அவர்களிடம் டெமோப் பொத்தான் இருக்கவில்லை.

வீணை பெண்பிள்ளைக்கு, அதில் விவாதம் கிடையாது. பலாமரத் தண்டும், மெழுகில் பதித்த 24 மெட்டும், ஏழு தந்தியுமாக அது முன்விறாந்தையில் சரஸ்வதி படத்துக்குக் கீழே இருக்கும். கடற்காற்றுப் பட்டுத் தந்தி துருப்பிடிக்கும். அதனால் என்ன? நவராத்திரிக்குத் துடைத்துப் பொட்டு வைப்போம். மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் அது தானாகவே நன்றாக வாசிக்கும்.

வாத்தியத்துக்காக மெனக்கெட்டவர்கள் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள். கோணேசர் மலையைப் பார்க்கிற பிள்ளைக்கு இராவணன் வெட்டைக் காட்டுகிறோம். தலையைக் குடமாக்கி, கையைத் தண்டாக்கி, நரம்பைத் தந்தியாக்கிச் சாமகானம் பாடிய கதையையும் சொல்கிறோம். அவனுக்கு வெளிநாட்டில் மாமா இல்லாததால் வந்த அவதி அது. பிறகு சுவாமி விபுலாநந்தர். திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். வழக்கொழிந்த யாழைக் கணக்குப்போட்டு மீட்கப் பல ஆண்டு பாடுபட்டு, 1947இல் ‘யாழ் நூல்’ அரங்கேறிய சில கிழமைகளிலேயே மறைந்துபோனார். அந்த உழைப்பை நாங்கள் வீணாக்கவில்லை. யாழின் பெயரில் ரயில் ஓடுகிறது.

பரீட்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்துவது பிள்ளைகள் படிப்படியாகப் படிக்கவேண்டும் என்பதற்காக. நாங்கள் அதைச் செம்மைப்படுத்தியிருக்கிறோம். மாயாமாளவகௌளையில் சரளிவரிசையை மூன்று காலத்திலும் சாதகம் பண்ணுவது எதற்கு? பரீட்சைக்கு வரும் உருப்படிகளை மட்டும் நெட்டுருப் பண்ணினால் போதும். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியபிறகு பெட்டியைத் திறக்கவேண்டிய தேவையும் இல்லை. க.பொ.த. சாதாரண தரத்தோடு சங்கீதம் பூரணமாகிறது.

இத்தனை வாத்தியத்தையும் அலசுகிற நாங்கள் நாதஸ்வரத்தையும் தவிலையும் மட்டும் கடைசிவரை பேச்சில் எடுப்பதில்லை. எங்கள் பெருந்தன்மையின் உச்சம் இதுதான். கலியாணத்துக்கு மேளம் வேண்டும், திருவிழாவுக்கு மேளம் வேண்டும், தாலி கட்டும்போது கெட்டிமேளம் ஒரு நொடி பிந்தினால் கோபம் வரும். ஆனால் நம் பிள்ளை சீவாளியை வாயில் வைப்பதா? விரலில் கூடு மாட்டித் தவிலைத் தொடுவதா? “அது அவையின்ர வேலை” என்று மெதுவாகச் சொல்வோம். சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயால் சொல்லமாட்டார், அவ்வளவு நாகரிகம். தவில்மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைத் தமிழ்நாட்டு மேடைகளும் கொண்டாடின. அவர் 1975இல் காலமானார். அவர் எங்கள் நாட்டவர் என்று மார்தட்ட நாங்கள் என்றும் தயார். அந்த வித்தையைத் தொடர்கிற பாரத்தை மட்டும் அந்தக் குடும்பங்களின் தலையிலேயே விட்டுவிட்டோம். மேளக்காரரைச் சாப்பாட்டுப் பந்தியில் எங்கே இருத்துகிறோம் என்பதை இங்கே எழுதி ஊரின் புகழை இன்னும் கூட்ட விரும்பவில்லை.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது பிள்ளையை மேளத்துக்குக் கிட்ட நிற்கவிடாதீர்கள். அரை மணித்தியாலம் நின்று கேட்டால், தனக்கு எது வேண்டும் என்று அது தானே சொல்லிவிடும். அதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஐஸ்கிறீம் வானடிக்குப் போய்விடுங்கள்.