பஞ்சாங்கம் பார்க்காத சுங்கச்சாவடிக்கு ஒரு விண்ணப்பம்

தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் மேன்மை தங்கிய அதிகாரிகளுக்கு, செஞ்சியிலிருந்து வணக்கம்.

முதலில் பாராட்டு. எங்கள் ராஜகிரிக் கோட்டையின் உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்து ஆழமாகக் கிடக்கிறது. அதன்மேல் போட்ட பாலத்தை எடுத்துவிட்டால், கீழே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் ஒருவரும் மேலே வர முடியாது. கோட்டை வாசல்களையும் நேராக நுழைய விடாமல் வளைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். வருகிறவனைத் தாமதப்படுத்துவதே அந்தக் கட்டடக் கலையின் உயிர். 1690-இல் வந்து முற்றுகையிட்ட முகலாயத் தளபதி சுல்பிகார் கானுக்குக் கோட்டை கைக்கு வர 1698 ஆனது. இந்தத் திறமைக்காகத்தானோ என்னவோ, 2025 ஜூலையில் மராட்டியர் காலத்து 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியிலிருந்து செஞ்சியை மட்டும் எடுத்துக்கொண்டது. நங்கிலிகொண்டான் சுங்கச்சாவடியில் மலையும் இல்லாமல் அகழியும் இல்லாமல், ஒரே ஒரு கம்பியை வைத்து அதே கலையைத் தாங்கள் நடத்திக்காட்டுவது அவர்கள் கண்ணில் படாமல் போனதில் எங்களுக்கு மனக்குறைதான். ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. சுல்பிகார் கானைக் காக்கவைத்தவர்கள் அதற்காக அவரிடம் கட்டணம் கேட்கவில்லை.

எதற்காகக் கட்டணம் என்பதுதான் எங்கள் கேள்வி. சாலைக்கு என்பீர்கள். மண்பாதையிலும் போய்ச் சேரலாம். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். ஆகவே நல்ல சாலைக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் மிச்சமாகும் நேரத்துக்கான விலை. தங்கள் 2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகளே இதை ஒப்புக்கொள்கின்றன. நான்குவழிச் சாலைக்கு ஒரு விலை, ஓரம் தார் போட்ட இருவழிச் சாலைக்கு அதில் 60 விழுக்காடு. வேகம் குறைந்தால் விலையும் குறைய வேண்டும் என்பதுதானே இதன் பொருள்? பாலம் வந்துவிட்டால் கணக்கு இன்னும் வேடிக்கை. பெரிய பாலத்தின் ஒரு மீட்டர், கட்டணக் கணக்கில் பத்து மீட்டர் சாலை. இது தங்களுக்கே அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். பாலமும் சுரங்கமும் மிகுந்த பாதைகளில் கட்டணம் பாதிவரை குறையும்படி 2025 ஜூலையில் சூத்திரத்தைத் திருத்தினீர்கள். ஆற்றைச் சட்டென்று கடப்பதற்கு விலை இருக்கட்டும். கடக்க முடியாமல் நிற்கும் நேரத்துக்கும் அதே விலையா? (எங்கள் தேசிங்கு ராஜா 1714-இல் வெள்ளம் போன வராக நதியைக் குதிரையோடு கடந்து நவாபின் படையை எதிர்த்தார் என்பார்கள். சண்டை மூண்டதே கப்பப் பாக்கியால்தான். இந்த ஊருக்கும் வசூலுக்கும் அப்போதிருந்தே ஒத்துவராது.)

தாங்கள் ஒரு காலத்தில் நியாயம் பேசினீர்கள். 2021 மே மாதச் சுற்றறிக்கையில், நெரிசல் நேரத்திலும் ஒரு வண்டிக்குப் பத்து நொடிக்கு மேல் ஆகக்கூடாது, வரிசை 100 மீட்டரைத் தாண்டினால் அது அந்த அளவுக்குள் வரும்வரை முன்னால் நிற்கும் வண்டிகளைக் காசில்லாமல் விட வேண்டும், அடையாளத்துக்கு மஞ்சள் கோடு போட வேண்டும் என்றீர்கள். 2024-இல் அந்தச் சலுகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டீர்கள். சாலைக்குப் போட்ட முதல் திரும்பிவிட்டால் கட்டணம் 40 விழுக்காடாகக் குறையும் என்றிருந்த விதியும் 2023-இல் போனது. வருடாந்திரக் கட்டண உயர்வு மட்டும் ஒரு வருடம்கூடத் தவறுவதில்லை. வண்டி ஓட்டுகிறவனுக்குச் சாதகமான விதிகள்தான் எப்படியோ ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன.

ஃபாஸ்டேக் வந்த பிறகு சராசரிக் காத்திருப்பு எட்டு நிமிடத்திலிருந்து 47 நொடியாகிவிட்டது என்பது அரசின் பதில். பொய் என்று சொல்லமாட்டோம். சராசரி என்பதே அப்படித்தான். விடியற்காலை மூன்று மணிக்குத் தனியாகப் போகும் பால் வண்டியையும் பௌர்ணமி இரவின் கூட்டத்தையும் கூட்டி வகுத்தால் எல்லாருமே வேகமாகப் போனவர்கள் ஆகிவிடுவோம். இந்தச் சாலையின் கூட்டம் சராசரியில் வருவதில்லை, திதியில் வருகிறது. பௌர்ணமி என்றால் திருவண்ணாமலைக் கிரிவலம். சென்னைக் கூட்டம் திண்டிவனத்தில் திரும்பி செஞ்சி வழியாகத்தான் போகும். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன். கார்த்திகை தீபத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நெரிசல் எப்போது வரும் என்று வருடத் தொடக்கத்திலேயே தேதி போட்டு அச்சடித்து விற்கும் சாலை இந்தியாவில் எத்தனை இருக்கும்? அப்படிப்பட்ட இரவில் ஒரே ஒரு காரின் ஸ்டிக்கரைக் கருவி படிக்கவில்லை என்று வையுங்கள். கம்பி எழாது. ஊழியர் கைக்கருவியை எடுத்துக்கொண்டு வந்து கண்ணாடிக்கு அருகே காட்டுவார், ஓட்டுநர் கைப்பேசியில் இருப்பைக் காட்டுவார், பின்னால் இருப்பவர் ஹாரனில் கையை வைத்தபடி ரிவர்ஸ் எடுக்கப் பார்ப்பார், அவருக்குப் பின்னால் ஒரு பஸ். அந்தக் காருக்குப் பத்து நொடிக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. கட்டணத்தில் மட்டும் ஒரு பைசா குறையாது.

2025-இல் 3,000 ரூபாய்க்கு வந்த ஆண்டுச் சீட்டை எடுத்துக்கொள்ளலாமே, 200 முறை போகலாமே என்பீர்கள். அது சொந்தக் கார், ஜீப், வேனுக்கு. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை ஏற்றி வரும் மினி லாரிக்குக் கிடையாது. கிடைத்தாலும் காசுதான் குறையும், நிற்கும் நேரம் குறையாது. கட்டணம் இல்லாவிட்டால் சாலை எப்படிப் போடுவது என்ற கேள்வி நியாயமானது. கட்டணமே கூடாது என்று நாங்களும் சொல்லவில்லை. கொடுத்த சேவைக்கு வாங்குங்கள் என்கிறோம். கேரளத்தின் பாலியக்கரைச் சுங்கச்சாவடி வழக்கில் இதைத்தான் உயர்நீதிமன்றம் சொன்னது. சாலை நெரிசலில் திணறும்போது வசூல் எதற்கு என்று 2025 ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. தாங்கள் உச்சநீதிமன்றம் வரை போனீர்கள், அங்கும் தடை கிடைக்கவில்லை.

இலவசமாக விட்டால் சாவடியில் தகராறு வரும், ஒப்பந்தக்காரருக்கு நட்டம் என்பது கடைசி ஆட்சேபம். தகராறுக்கு இடமே இல்லாமல் செய்யலாம். வண்டி எப்போது கம்பியைத் தாண்டியது என்று நொடி சுத்தமாகப் பதிவு செய்யும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. வரிசையின் வாலிலும் ஒரு கருவி வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் பாதிக் கட்டணம், பத்து தாண்டினால் ஒன்றுமில்லை; எல்லாம் கணினியே கழித்துக்கொள்ளட்டும். நட்டம் வந்தால் ஒப்பந்தக்காரர் அந்த ராத்திரிக்கு இன்னும் நான்கு பேரைத் தானே கொண்டுவந்து நிறுத்துவார்.

எந்த ராத்திரி என்று அவருக்குத் தெரியாமல் போகக்கூடாதே என்பதற்காக, இத்துடன் ஒரு பாம்புப் பஞ்சாங்கம் இணைத்துள்ளோம். பௌர்ணமிகளை மஞ்சள் மையால் கோடிட்டிருக்கிறோம். அந்த மஞ்சளைத்தான் தாங்கள் சாலையில் இனிப் பயன்படுத்தப் போவதில்லையே.

இப்படிக்கு,
ஃபாஸ்டேக்கில் போதிய இருப்பு வைத்திருக்கும்
ஒரு செஞ்சிக்காரன்